அட்வெர்ப்பை எங்கே வைப்பது? மொரீஷியஸில் இங்கிலீஷ் எழுதுவோருக்கு

அட்வெர்ப் (வினையடை) என்றால் ‘எல்-ஒய்’யில் முடியும் சொல் என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டு வகுப்பு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடும். பிள்ளையும் அதை மனப்பாடம் செய்துகொண்டு, பரீட்சையில் “ஐ லைக் வெரி மச் டீ” என்று எழுதிவிட்டு வரும். அந்த வாக்கியத்தில் ‘எல்-ஒய்’ கிடையாது, எழுத்துப் பிழையும் கிடையாது. சொல் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தவறு.

மொரீஷியஸில் தமிழ் தெரிந்த ஒருவர் இங்கிலீஷ் எழுத உட்காரும்போது தமிழ், கிரியோல், பிரெஞ்சு மூன்றும் கூடவே வந்து உட்காருகின்றன. எந்தத் தவறு எந்த மொழியிலிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால் திருத்துவது சுலபம். 9ஆம் கிரேடில் என்.சி.இ., 11ஆம் கிரேடில் எஸ்.சி. பரீட்சை எழுதும் பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே அலுவலகத்தில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் படிகள் பொருந்தும். இங்கிலீஷ் வாக்கியங்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கொப்பியில் அவற்றை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

தொடங்குமுன்: தேவையானவை, செலவு, நேரம்

முதலில் வேண்டியது பழைய கட்டுரைக் கொப்பி. ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திய ஐந்தாறு கட்டுரைகளாவது இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர்கள் தாங்கள் அனுப்பிய பத்து மின்னஞ்சல்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். சொந்தத் தவறு கண்முன் இல்லாமல் இலக்கணப் புத்தகம் படிப்பதில் பயன் குறைவு.

இரண்டாவது, கற்போருக்கான அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுமே இணையத்தில் இலவசம். ஒரு சொல் பெயரடையா வினையடையா என்பதை அவை குறித்துக் காட்டும், மாதிரி வாக்கியமும் தரும். பையில் வைக்கும் சின்ன பிரெஞ்சு-இங்கிலீஷ் அகராதி மட்டும் போதாது. அது சொல்லுக்குச் சொல் தரும். வாக்கியத்தில் எந்த இடம் என்று காட்டாது.

மூன்றாவது, கோடு போட்ட ஒரு புதுக் கொப்பி. மொத்தச் செலவே அதுதான். இதற்காக மட்டும் தனியாக லெசன் (டியூஷன்) காசு கட்ட வேண்டாம். ஏற்கெனவே இங்கிலீஷ் லெசன் போகிற பிள்ளையானால், 5ஆம் படியின் பயிற்சியை அங்கே திருத்தித் தரச் சொல்லுங்கள்.

தினம் அரை மணி என்றால் ஆறு வாரம் ஆகும். முதல் மூன்று படிகளுக்கு ஒரு வாரம், 4ஆம் படிக்கு ஒரு வாரம், 5ஆம் படிக்கு மூன்று வாரம், மீதிக்கு ஒரு வாரம். பரீட்சைக்கு இரண்டே வாரம் இருந்தால் மற்றதை விட்டுவிட்டு 5, 6 இரண்டை மட்டும் செய்யுங்கள்.

1. வினைச்சொல்லைப் பிடித்துக் கேள்வி கேளுங்கள்

வாக்கியத்தின் வினைச்சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள். பிறகு அதைப் பார்த்து எப்படி, எப்போது, எங்கே, எத்தனை முறை, எவ்வளவு என்று கேளுங்கள். பதிலாக வருவது அட்வெர்ப். “தே கேரீட் த காவடி ஸ்லோலி டு த கோவில் யெஸ்டர்டே” என்பதில் ‘ஸ்லோலி’ எப்படி, ‘யெஸ்டர்டே’ எப்போது. ‘டு த கோவில்’ ஒற்றைச் சொல் இல்லை, ஆனாலும் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. இப்படிப்பட்ட தொடர்களுக்கும் இட விதிகள் பொதுவாக ஒன்றுதான், எனவே இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

அட்வெர்ப் வினையோடு மட்டும் சேராது. பெயரடைக்கு முன் வரும்: “வெரி ஹாட்”. இன்னொரு அட்வெர்ப்புக்கு முன் வரும்: “டூ குவிக்லி”. முழு வாக்கியத்துக்கும் தலையில் நிற்கும்: “ஃபார்ச்சுனேட்லி, த சைக்ளோன் பாஸ்ட்”.

எடுத்துவிட்டாலும் வாக்கியம் நின்றால் அது அட்வெர்ப் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ‘புட்’, ‘லிவ்’ போன்ற வினைகளில் ஏமாற்றிவிடும். “ஷி புட் த பாக் தேர்” என்பதில் ‘தேர்’ போனால் வாக்கியம் முறிந்துவிடும். ஆனாலும் அது அட்வெர்ப்தான். கேள்வி கேட்கும் வழியே நம்பகமானது.

2. ‘எல்-ஒய்’யை நம்பாதீர்கள்

‘ஃப்ரெண்ட்லி’, ‘லோன்லி’, ‘லவ்லி’, ‘சில்லி’, ‘அக்லி’, ‘எல்டர்லி’ எல்லாம் பெயரடைகள். “ஷி ஸ்போக் ஃப்ரெண்ட்லி” என்று எழுதக் கூடாது. “ஷி ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே” என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘மந்த்லி’, ‘ஏர்லி’ இரண்டு வேலையும் பார்க்கும்.

மறுபக்கம், ‘எல்-ஒய்’ இல்லாத அட்வெர்ப்களே அன்றாடம் அதிகம் வருகின்றன: ஃபாஸ்ட், ஹார்ட், லேட், ஸ்ட்ரெய்ட், வெல், சூன், ஆஃபன், ஆல்வேஸ், நெவர், ஹியர், தேர், டுடே. பிரெஞ்சில் ‘ரபிட்மான்’ என்று வால் ஒட்டிப் பழகிய கை, ‘ஃபாஸ்ட்’டுக்கும் வால் ஒட்டி ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடமும் இது உண்டு. அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். ‘ஃபாஸ்ட்’ என்றோ ‘குவிக்லி’ என்றோ எழுதுங்கள்.

வால் ஒட்டினால் பொருளே மாறும் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. “ஹி வொர்க்ஸ் ஹார்ட்” என்றால் கடுமையாக உழைக்கிறான். “ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்” என்றால் அநேகமாக வேலையே செய்வதில்லை. சிபாரிசுக் கடிதத்தில் இந்த ஒரு சொல் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கும். ‘லேட்’ தாமதம், ‘லேட்லி’ அண்மைக் காலமாக. ‘நியர்’ பக்கத்தில், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘ஹை’ உயரே, ‘ஹைலி’ மிகவும். ‘ஹார்ட்லி’க்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் அதனுடன் ‘நாட்’ சேர்க்கக் கூடாது: “ஐ கேன் ஹார்ட்லி ஹியர்” சரி, “ஐ காண்ட் ஹார்ட்லி ஹியர்” தவறு.

3. எழுத்துக் கூட்டல்

இது சின்ன வேலை. ‘ஹாப்பி’, ‘ஈஸி’ போல ஒய்யில் முடிந்தால் அந்த ஒய் ஐ ஆகும், பிறகு எல்-ஒய். ‘ஜென்டில்’, ‘சிம்பிள்’ போல எல்-ஈயில் முடிந்தால் ஈயை எடுத்துவிட்டு ஒய் மட்டும். ‘பேசிக்’ போல ஐ-சியில் முடிந்தால் ஏ-எல்-எல்-ஒய். ‘பப்ளிக்’ மட்டும் விலக்கு, அதற்கு நேராக எல்-ஒய். ‘கேர்ஃபுல்’லில் ஏற்கெனவே ஓர் எல் இருப்பதால் ‘கேர்ஃபுலி’யில் இரண்டு எல் வரும். ‘ட்ரூ’ கடைசி ஈயை இழந்து ‘ட்ரூலி’ ஆகும். கடிதம் முடிக்கும் இடத்தில் இதை ஈயோடு எழுதிவிடுகிறவர்கள் ஏராளம்.

4. தமிழ் ‘ஆக’ எல்லாம் அட்வெர்ப் ஆகாது

இந்தத் தவறு முழுக்கத் தமிழிலிருந்து வருவது. நாம் ‘அழகாகப் பாடினாள்’ என்றும் சொல்வோம், ‘அழகாக இருக்கிறாள்’ என்றும் சொல்வோம். இரண்டிலும் ‘ஆக’ உண்டு. இங்கிலீஷில் முதலாவதுக்கு மட்டுமே அட்வெர்ப். “ஷி சாங் பியூட்டிஃபுலி” சரி. “ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி” தவறு, “ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்” என்றுதான் வர வேண்டும்.

இப்படி ஏமாற்றும் வினைகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்: லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சீம், பிகம். இவற்றுக்குப் பின் பெயரடை வரும். “த ருகாய் டேஸ்ட்ஸ் குட்”. “த ஏழு கறி ஸ்மெல்ஸ் டெலிஷியஸ்”. இங்கே ‘டெலிஷியஸ்லி’ போட்டால், முகர்ந்து பார்க்கும் வேலையைக் கறியே ருசித்துச் செய்வதுபோல் ஆகிவிடும்.

சோதனை இதுதான். அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போடுங்கள். பொருள் ஏறக்குறைய நின்றால் பெயரடை. “ஷி லுக்ட் டயர்ட்” என்பதில் ‘வாஸ்’ போட்டாலும் நிற்கும். “ஷி லுக்ட் கேர்ஃபுலி அட் த ஃபார்ம்” என்பதில் நிற்காது. அங்கே அவள் உண்மையாகவே பார்க்கும் வேலையைச் செய்கிறாள், ஆகவே அட்வெர்ப். ஒரே வினை இரண்டு பக்கமும் போகும் என்பதால், பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல் இந்தச் சோதனையைக் கையோடு பழகுங்கள்.

5. இடம்

அவசரப்பட வேண்டாத படி இது. மூன்று வாரம் ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம், இங்கே உள்ள விதிகள் புரிவது எளிது, கைக்கு வருவது மெது.

அ. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே எதையும் நுழைக்காதீர்கள். பிரெஞ்சில் “ஜெம் பொகூ லெ தே”, “எல் பார்ல் பியேன் லாங்லே” என்று நடுவில் வைப்பதுதான் முறை. அதே வரிசையில் இங்கிலீஷ் எழுதினால் “ஐ லைக் வெரி மச் டீ”, “ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்” என்று வரும். சரியானவை: “ஐ லைக் டீ வெரி மச்”, “ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்”. செயப்படுபொருளை முதலில் முடியுங்கள், பிறகு எப்படி என்பதைச் சொல்லுங்கள்.

செயப்படுபொருள் நீண்டுவிட்டால் மட்டும் அட்வெர்ப் வினைக்கு முன்னே போகும். “ஷி கேர்ஃபுலி ரெட் ஆல் த ஃபார்ம்ஸ் தட் த பாங்க் ஹேட் சென்ட் ஹெர்”. ‘கேர்ஃபுலி’யைக் கடைசியில் வைத்தால் வங்கி கவனமாக அனுப்பியது என்று ஆகிவிடும்.

ஆ. எத்தனை முறை என்று சொல்லும் சொற்கள்: ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர். இவை முதன்மை வினைக்கு முன் வரும்: “ஹி ஆல்வேஸ் அரைவ்ஸ் லேட்”. ‘பி’ வினைக்குப் பின் வரும்: “ஹி இஸ் ஆல்வேஸ் லேட்”. துணைவினைகள் இருந்தால் முதல் துணைவினைக்குப் பின் வரும்: “யூ ஷுட் நெவர் ஹேவ் சைன்ட் இட்”.

இங்கே பிரெஞ்சு தெரிந்தவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இரண்டாவது, மூன்றாவது இடங்களில் பிரெஞ்சும் பெரும்பாலும் இங்கிலீஷும் ஒன்றுபோலவே போகும். “ஜே தேஜா மான்ஜே” என்பதும் “ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்” என்பதும் ஒரே வரிசை. துணைவினை இல்லாத எளிய காலத்தில் மட்டும்தான் வண்டி தடம் மாறும்: பிரெஞ்சு வினைக்குப் பின் வைக்கும், இங்கிலீஷ் முன் வைக்கும். “ஹி அரைவ்ஸ் ஆல்வேஸ் லேட்” பிறப்பது அங்கேதான். ஆகவே பழைய கொப்பியைத் திருத்தும்போது துணைவினை இல்லாத வாக்கியங்களை மட்டும் தேடினால் போதும், நேரம் மிச்சம்.

‘சம்டைம்ஸ்’, ‘யூஷுவலி’ வாக்கியத் தலையிலும் வரலாம். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ அங்கே வருவது கட்டளை வாக்கியத்தில்தான்: “ஆல்வேஸ் லாக் த கேட்”. மற்ற வாக்கியங்களில் ‘நெவர்’ முதலில் வந்தால் பின்னால் சொல் வரிசை புரளும்: “நெவர் ஹேவ் ஐ சீன் சச் ரெய்ன்”. எஸ்.சி. கட்டுரையில் ஒரு முறை சரியாகப் போட்டால் அழகு. பழகாதவர்கள் தொட வேண்டாம்.

இ. எப்படி, எங்கே, எப்போது: வாக்கியக் கடைசியில் பல வந்தால் பொதுவாக இந்த வரிசை. தமிழில் நாம் ‘நேற்று ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோவில் போனோம்’ என்று காலத்தை முதலில் வைப்போம். அந்தப் பழக்கத்தில் “வீ வென்ட் யெஸ்டர்டே டு ரோஸ் ஹில்” என்று வந்துவிடும். காலத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் முழுவதுமாக முன்னால் கொண்டுவாருங்கள், நடுவில் விடாதீர்கள். போதல், வருதல் வினைகளில் மட்டும் இடம் முதலில் வரும்: “வீ வென்ட் டு ரோஸ் ஹில் பை மெட்ரோ யெஸ்டர்டே”.

ஈ. ‘ஒன்லி’. தமிழ் ‘மட்டும்’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், ‘ஒன்லி’ முன்னால் நிற்கும். ‘வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும்’ என்பதை “ஃப்ரைடே ஒன்லி இட் இஸ் க்ளோஸ்ட்” என்று எழுதாதீர்கள். “இட் இஸ் க்ளோஸ்ட் ஒன்லி ஆன் ஃப்ரைடேஸ்”. எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதை ஒட்டியே முன்னால் வையுங்கள், சந்தேகம் வராது.

உ. ‘இனஃப்’. இது பெயரடைக்கும் அட்வெர்ப்புக்கும் பின்னால் வரும்: “பிக் இனஃப்”, “ஃபாஸ்ட் இனஃப்”. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: “இனஃப் மணி”. பிரெஞ்சின் ‘அஸே’ முன்னால் வருவதால் “இனஃப் பிக்” என்று கை போகும்.

பயிற்சி: தினம் பத்து வாக்கியம். ஐந்து உங்கள் பழைய கொப்பியிலிருந்து, ஐந்து புதிதாக அன்றைய நாளைப் பற்றி. ஒவ்வொன்றிலும் வினைக்கு ஒற்றைக் கோடு, செயப்படுபொருளுக்கு இரட்டைக் கோடு, அட்வெர்ப்புக்கு வட்டம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே வட்டம் விழுந்திருந்தால் தவறு கண்ணிலேயே தெரியும்.

6. தெரிந்த முகம், வேறு பொருள்

பிரெஞ்சு ‘அக்த்யுவெல்மான்’ என்றால் ‘தற்போது’. இங்கிலீஷ் ‘ஆக்சுவலி’ என்றால் ‘உண்மையில்’. விண்ணப்பத்தில் “ஐ அம் ஆக்சுவலி வொர்க்கிங் இன் எ ஹோட்டல்” என்று எழுதினால், நீங்கள் வேறெங்கோ வேலை செய்வதாக நினைத்தவரைத் திருத்துவதுபோல் தொனிக்கும். ‘கரன்ட்லி’ என்று மாற்றுங்கள். வேலை விண்ணப்பத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் சரிபார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

‘எவான்த்யுவெல்மான்’ என்றால் ‘ஒருவேளை, தேவைப்பட்டால்’. ‘ஈவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில், நாளடைவில்’. “ஐ வில் ஈவென்ச்சுவலி கம்” என்பது எப்படியும் வந்து சேருவேன் என்ற வாக்கு. வரலாம் என்று மட்டும் சொல்ல நினைத்தால் “ஐ மே கம்”.

கிரியோல் ‘தூஸூர்’ ‘எப்போதும்’, ‘இன்னமும்’ இரண்டையும் தாங்கும். இங்கிலீஷ் ‘ஆல்வேஸ்’, ‘ஸ்டில்’ என்று பிரித்துவிடும். “ஹி இஸ் ஆல்வேஸ் இன் கியூர்பிப்” என்றால் எப்போது பார்த்தாலும் அங்கேதான். இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஸ்டில்’. ‘தெஸா’ அதுபோலவே ‘ஆல்ரெடி’, ‘எவர்’ இரண்டுக்கும் நிற்கும்: ரொட்ரிக் தீவுக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்க “ஹேவ் யூ எவர் பீன் டு ரொட்ரிக்ஸ்?”. அங்கே ‘ஆல்ரெடி’ வைத்தால், இவ்வளவு சீக்கிரம் போய்வந்தாயிற்றா என்று வியப்பதாக ஆகும்.

தமிழ் ‘இன்னும்’ தன் பங்குக்குக் குழப்பும். ‘இன்னும் இருக்கிறார்’ என்பதற்கு ‘ஸ்டில்’. ‘இன்னும் வரவில்லை’ என்பதற்கு ‘யெட்’, அதுவும் வாக்கியக் கடைசியில்: “த லெட்டர் ஹேஸ் நாட் கம் யெட்”.

7. வெரி, டூ, அடுக்குச் சொல்

‘வெரி’ வினையோடு நேராகச் சேராது. “ஐ வெரி லைக் இட்” தவறு, “ஐ ரியலி லைக் இட்” சரி. ‘டூ’ என்றால் அளவு மீறியது. கிரியோலில் பாராட்டாகவே ‘த்ரோ போன்’ என்று சொல்வதுண்டு; தமிழ்நாட்டுக்காரர்களும் ‘டூ குட்’ என்பார்கள். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்தில் ‘வெரி குட்’ போடுங்கள். ஒப்பிடும்போது ‘ஃபாஸ்டர்’, ‘ஹார்டர்’, ‘பெட்டர்’. ‘எல்-ஒய்’யில் முடிபவற்றுக்குப் பெரும்பாலும் ‘மோர்’: “மோர் ஸ்லோலி”.

‘மெதுமெதுவாக’ என்று தமிழிலும் ‘விட் விட்’ (சீக்கிரம் சீக்கிரம்) என்று கிரியோலிலும் அடுக்கிச் சொல்வது நமக்கு இயல்பு. இங்கிலீஷ் எழுத்தில் “ஸ்லோலி ஸ்லோலி” செல்லாது. ‘வெரி ஸ்லோலி’ அல்லது ‘லிட்டில் பை லிட்டில்’.

8. கொப்பியை மூடுமுன்

அதிக அட்வெர்ப் போட்டால் அதிக மதிப்பெண் என்று ஒரு நம்பிக்கை லெசன்களில் சுற்றுகிறது. “ஷி விஸ்பர்ட் குவயட்லி” என்பதில் ‘குவயட்லி’ வீண்; கிசுகிசுப்பதே மெல்லப் பேசுவதுதான். ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’ என்பவற்றிலும் இரண்டாம் சொல் வேண்டாம். ‘வாக்ட் ஸ்லோலி’க்குப் பதில் ‘ஸ்ட்ரோல்ட்’ என்று பொருத்தமான வினை கிடைத்தால் அதையே எழுதுங்கள்.

பரீட்சையில் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதையும் மறுபடி படிக்க நேரம் இருக்காது. ‘வெல்’, ‘வெரி மச்’, ‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’ ஆகியவற்றைக் கண்ணால் தேடி அவற்றின் இடத்தை மட்டும் பாருங்கள். அடுத்து ‘ஆக்சுவலி’ எங்காவது இருக்கிறதா பாருங்கள். பிறகு ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘ஃபீல்’ வினைகளுக்குப் பின்னால் ‘எல்-ஒய்’ ஒட்டியிருந்தால் ‘இஸ்’ சோதனை. திருத்தும்போது மேலே எழுதிக் குழப்பாமல், தவறான சொல்லை ஒரே கோட்டால் அடித்துவிட்டுச் சரியான இடத்தில் செருகல் குறி போட்டுத் தெளிவாக எழுதுங்கள்.